ஸ்டால் நாளுக்கு மார்க் வேண்டாம், இரண்டாவது ஆர்டருக்குப் போடுங்கள்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டக் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் தொழில்முனைவோர் மன்றப் பொறுப்பாசிரியர்களுக்கும்,

வணக்கம்.

துணி வெட்டித் தைப்பவர்கள், சோப்பு எண்ணெய் காய்ச்சுபவர்கள், சில்லறைக் கடைகளுக்குச் சரக்குப் போடுபவர்கள், சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுபவர்கள் எனச் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். மாணவர்களுக்குச் சிறுதொழில் புராஜெக்ட் கொடுக்கும் வழக்கம் நம் பக்கத்துக் கல்லூரிகளில் பரவி வருவது நல்லதுதான். அது நடக்கிற விதத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

வழக்கமாக நடப்பது உங்களுக்கே தெரியும். வளாகத்தில் ஷாமியானா, பலூன், மைக் செட். ஒரு ஸ்டாலில் மெஹந்தி, அடுத்ததில் பானிபூரி, அதற்கடுத்து லெமன் ஜூஸ். வாங்குவது பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் ஆசிரியர்களும். மாலையில் வசூலை எண்ணி, அதிகம் விற்ற குழுவுக்குக் கோப்பை, ஒரு குரூப் போட்டோ. மறுநாள் அந்தத் தொழில் இருந்த தடயமே இருக்காது. ஜூஸுக்கு வாங்கிய ஐஸ் பாரும், அப்பா வண்டியில் கொண்டுவந்து இறக்கிய மேசையும், அம்மா அரைத்துக் கொடுத்த சட்னியும் எந்தக் கணக்கிலும் ஏறியிருக்காது. மாணவர்கள் அன்று கற்றுக்கொள்வது கூவி விற்பதை. அதுவும் தேவையான வித்தைதான், ஆனால் அதற்கு மூன்று கிரெடிட் மதிப்பு கொடுப்பது அதிகம்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். முதல் விற்பனைக்கு மார்க் போடாதீர்கள். அதே கடையோ அதே வீடோ மறுபடி கேட்டு வாங்கினால் அதற்குப் போடுங்கள். முதல் முறை தாட்சண்யத்துக்காக வாங்குவார்கள், இரண்டாவது முறை பொருளுக்காக மட்டுமே வாங்குவார்கள். இதை மட்டும் மாற்றினால் மற்ற எல்லாம் தானாக மாறியாக வேண்டும்: காலம் ஒரு நாளிலிருந்து பன்னிரண்டு வாரமாகும், பரிசுப் பணம் திருப்பித் தரவேண்டிய முதலாகும், பவர்பாயின்ட் போய் நோட்டுப் புத்தகம் வரும்.

பேச்சாக விடாமல், நம் ஊரிலேயே செய்யக்கூடிய ஒரு பொருளை எடுத்து, அடி முதல் நுனி வரை கணக்குப் போட்டுக் காட்டுகிறோம்.

சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றி காந்தி ரோடு, பாபு ராவ் தெரு பக்கம் காலையில் நடந்து பார்த்தால், வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்த குடும்பங்கள் கையில் பெரிய எக்ஸ்ரே உறைகளோடு போவது தெரியும். பெரிய எக்ஸ்ரே படம் 14க்கு 17 இஞ்ச். அதன் உறை சுமாராக 15க்கு 18. கடையில் கிடைக்கும் எந்தச் சாதாரணப் பையிலும் அது நேராக நுழையாது. பாதி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், மூலை மடங்கும், மழை நாளில் உறை ஊறிப்போகும். அதோடு மருந்துச் சீட்டு, பில், ஆஸ்பத்திரி அட்டை, மாத்திரை எல்லாம் வேறு வேறு கவரில். இதற்கென்றே அளவெடுத்துத் தைத்த ஒரு காடாத் துணிப் பை, நான்கு மாணவர்களுக்குப் போதுமான தொழில். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருப்பதால் துணிப்பைக்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதும் இல்லை.

துணி வாங்குவதற்கு முன் முதல் வாரம் முழுக்க வேடிக்கை பார்ப்பதற்குத்தான். பெரிய ஆஸ்பத்திரிகளில் இப்போது எடுக்கும் படங்களை டாக்டர் கம்ப்யூட்டரிலேயே பார்த்துவிடுகிறார். ஆகவே கையில் படம் எடுத்து வருபவர்கள் எத்தனை பேர் என்று எண்ணாமல் கத்தரியைத் தொடக் கூடாது. ரோட்டில் ஓரமாக நின்று, கையில் ஏதாவது காகிதக் கட்டு வைத்திருக்கும் ஐம்பது பேரை எண்ணுங்கள். பெரிய உறை வைத்திருப்பவர் பத்துப் பேருக்குக் குறைவென்றால் இந்த அளவை விட்டுவிட்டு, சாதாரண ஃபைல் கொள்ளும் 11க்கு 15 பைக்கு மாறிவிடலாம். வெவ்வேறு கிழமைகளில், வெவ்வேறு நேரத்தில் எண்ண வேண்டும். ஞாயிற்றுக்கிழமை புறநோயாளிகள் பிரிவு நடக்காத நாளில் போய் எண்ணிவிட்டு “ஆளே இல்லை” என்று எழுதி வந்தால் அந்த நோட்டுக்கு மார்க் கிடையாது. நோயாளிகளைப் போட்டோ எடுப்பதும், என்ன வியாதி என்று கேட்பதும் கண்டிப்பாகக் கூடாது. இதைப் பிள்ளைகளிடம் முதல் நாளே நீங்கள் சொல்லி அனுப்ப வேண்டும்.

அடுத்து துணி. வெளுக்காத காடா, 63 இஞ்ச் அகலம். வாங்கியதும் முழுத் துணியையும் ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, கஞ்சி போக அலசி, பிழியாமல் காயவைத்து, இஸ்திரி போட்டபிறகுதான் வெட்ட வேண்டும். எங்களைக் கேட்டால் பாதிக் குழுக்கள் தவறப்போவது இந்த இடத்தில்தான். காடா நீளவாக்கில் நூற்றுக்கு ஏழெட்டு சுருங்கும், அகலவாக்கில் அதைவிடக் கொஞ்சம் குறைவாக. ஊறப்போடாமல் 19 இஞ்ச் உயரத்துக்குத் தைத்த பை, வாங்கியவர் ஒருமுறை துவைத்ததும் பதினேழரையாகிவிடும்; 18 இஞ்ச் உறை மேலே எட்டிப் பார்க்கும். அதற்குள் அவர் மால்டாவுக்கோ தன்பாத்துக்கோ ரயில் ஏறியிருப்பார், புகார் உங்களிடம் வராது. பையை விற்றுக்கொடுத்த லாட்ஜ்காரரிடம் போகும். அவர் அடுத்த முறை சரக்கு வேண்டாம் என்பார், ஏன் என்றும் சொல்லமாட்டார்.

நனைத்துக் காய்ந்தபின் அகலம் ஏறத்தாழ 60 இஞ்ச் நிற்கும். தைத்து முடித்த பை 17க்கு 19 வர வேண்டும். அகலத்துக்கு 17, இரண்டு பக்கத் தையலுக்கும் அரையரை இஞ்ச், ஆக 18. உயரத்துக்கு முன்னும் பின்னும் ஒரே துண்டு, அடியில் மடிப்பு மட்டும்: 19ம் 19ம் 38, மேல் விளிம்பு மடித்து அடிக்க இருபுறமும் ஒன்றரை, ஆக 41. அடியில் தையல் இல்லாததால் கனம் தாங்கும். 60 இஞ்ச் அகலத்தில் 18 இஞ்சாக மூன்று துண்டு போட்டால் 54 போய், ஓரத்தில் 6 இஞ்ச் அகலத்தில் 41 இஞ்ச் நீளப் பட்டை ஒன்று மிஞ்சும். அதைக் குப்பையில் போடாதீர்கள். மூன்றாக வெட்டினால் பதிமூன்றரைக்கு 6 அளவில் மூன்று துண்டு. மூன்று பைக்கும் உள்பாக்கெட் ஆயிற்று. பாக்கெட்டை நடுவில் ஒரு தையல் ஓட்டிப் பிரித்தால் ஒரு பக்கம் மாத்திரை அட்டை, மறுபக்கம் ஆஸ்பத்திரி அட்டையும் பில்லும். கரை ஓரத்தில் இறுக்கமாக இருக்கும் ஒரு விரல்கடைத் துணியை மட்டும் வெட்டி எறிந்துவிடுங்கள், அது பைக்குள் வந்தால் தையல் சுருக்கும்.

வெட்டும்போது துணியின் நீளவாக்கு பையின் உயரவாக்காக இருக்கட்டும். நீளவாக்கில் ஓடும் பாவு நூல்தான் பாரம் தாங்கும்.

தைக்கும் வரிசை முக்கியம். பக்கத்தை முதலில் அடித்துவிட்டால் பாக்கெட்டை உள்ளே வைத்துத் தைக்க மெஷின் கை நுழையாது. ஆகவே முதலில் பாக்கெட், மேல் விளிம்பிலிருந்து நான்கு இஞ்ச் இறக்கி. பிறகு மேல் விளிம்பை மடித்து, அந்த மடிப்புக்குள்ளே கைப்பிடி நாடாவின் நுனியை ஒன்றரை இஞ்ச் விட்டு அடிப்பது. கடைசியாகப் பக்கங்கள், இரட்டைத் தையலாக. கைப்பிடிக்கு ஒரு இஞ்ச் பருத்தி நாடா, 22 இஞ்சாக இரண்டு. பக்க விளிம்பிலிருந்து நாலரை இஞ்ச் உள்ளே தள்ளி வைக்க வேண்டும். கைப்பிடி சேரும் இடத்தில் சதுரமாக ஒரு சுற்று, அதற்குள் குறுக்கே பெருக்கல் குறிபோல இரண்டு தையல். ஒற்றை வரித் தையலோடு விட்டால் முதலில் பிய்வது அந்த இடமே, ஏனென்றால் ஜனங்கள் அந்தப் பையில் எக்ஸ்ரே மட்டும் வைக்கப்போவதில்லை. இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில், பழம், பிளாஸ்க் எல்லாம் ஏறும். வீட்டு மெஷினில் 14ஆம் எண் ஊசி இந்த இடத்தில் உடையும் அல்லது தையல் விடும், 16 போடுங்கள். தைத்த ஒவ்வொரு பையிலும் மூன்று கிலோ அரிசியைப் போட்டு ஒரு இரவு ஆணியில் மாட்டி வைத்து, காலையில் கைப்பிடித் தையலைப் பார்த்துவிட்டு வெளியே அனுப்புவது நல்லது. தொழிலுக்கு வந்தவர்கள் இதைத் தினம் செய்வதில்லை, ஆனால் படிக்கிற பிள்ளைகள் செய்துதான் ஆக வேண்டும்.

மேலே என்ன அச்சடிப்பது என்பதில் ஆசை அதிகம் வரும். ஆஸ்பத்திரியின் பெயரும் முத்திரையும் போட அனுமதி கிடையாது, கேட்காமல் போட்டால் வம்பு. வெள்ளைத் தரையில் சிவப்புச் சிலுவைக் குறி 1960ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது, யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளும் அடையாளம் இல்லை. வியாதி, பிரிவு பற்றி எந்தச் சொல்லும் வேண்டாம். புற்றுநோய்ப் பிரிவுக்குப் போகிறவர் அதை நெற்றியில் ஒட்டிக்கொண்டு போக விரும்பமாட்டார். பெயரும் எண்ணும் மார்க்கரால் எழுதிக்கொள்ள ஒரு கட்டமும், ஓரத்தில் ஒரு சின்னப் பூவோ கோட்டைக் கொத்தளமோ போதும். பிளாஸ்டிக் ஃபைல் தாளில் வடிவத்தை வெட்டி எடுத்து, துணிக்கான பெயின்டை ஸ்பாஞ்சால் ஒற்றினால் ஸ்கிரீன் செலவு மிச்சம். பெயின்ட் ஒருநாள் காய்ந்தபின் பின்பக்கமிருந்து சூடாக இஸ்திரி போடாவிட்டால் முதல் சலவையிலேயே போய்விடும்.

இப்போது பணம். கீழே வரும் விலைகளை உதாரணமாக எடுத்துக்கொண்டு, வேலூர் லாங் பஜாரில் விசாரித்து உங்கள் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். முப்பது பைக்கு 41 இஞ்சாகப் பத்துத் துண்டு, 410 இஞ்ச். சுருக்கத்துக்கும் சேர்த்து 12 மீட்டர் வாங்க வேண்டும். மீட்டர் 90 என்றால் 1080 ரூபாய். நாடா பைக்கு 44 இஞ்ச், முப்பதுக்கு முப்பத்து மூன்றரை மீட்டர், 35 மீட்டராக வாங்கினால் மீட்டர் 6 வீதம் 210. நூல் 60. பெயின்டும் மற்றதும் 150. தையல் கூலி பைக்கு 15 வீதம் 450. மொத்தம் 1950, ஒரு பை அடக்கம் 65 ரூபாய். தையல் தெரிந்த மாணவி தானே தைத்தாலும் அந்த 15 ரூபாயை எழுதியே ஆக வேண்டும். அதை எழுதாமல் “அடக்கம் 50, விலை 70, லாபம் 20” என்று கணக்குக் காட்டும் தொழில், அந்தப் பெண்ணுக்குப் பரீட்சை வந்ததும் நின்றுவிடும்.

விலை 100 ரூபாய் என்று வைப்போம். நேரே விற்றால் பைக்கு 35 நிற்கும். கடையில் கொடுத்து விற்றால் கடைக்காரருக்கு இருபது போக 80, நமக்கு 15. முப்பதும் கடை வழியாகவே போனால் வரவு 2400, மிச்சம் 450. நான்கு பேருக்குப் பிரித்தால் தலைக்கு நூற்றுப் பன்னிரண்டரை. ஆறு பை தையல் கோணலாகவோ அழுக்காகவோ போய் விற்காமல் நின்றால், 24 பைக்கு 1920 ரூபாய்தான் வரும். முழு உழைப்பும் போய் முப்பது ரூபாய் நட்டம். முப்பதில் ஆறு என்பது புதிதாகத் தைப்பவர்களுக்குச் சாதாரணம். ஆகவே முதலில் 41 இஞ்ச் துண்டு ஒன்றை மட்டும் வெட்டி மூன்று மாதிரி தைத்து, கடைக்காரர்களிடம் காட்டி, குறை கேட்டு, அதன்பிறகே 12 மீட்டர். இந்த இடத்தில் அவசரப்படுவது மாணவர்கள் மட்டுமில்லை, “எப்போது லாஞ்ச்?” என்று கேட்டுக்கொண்டே இருக்கும் நாமும்தான்.

டவுன் பஸ் செலவையும் எழுத வேண்டும். சாதாரண டவுன் பஸ்ஸில் மகளிருக்குக் கட்டணமில்லை என்பதால், கடைகளுக்குச் சரக்குப் போடும் வேலையைப் பெண் பிள்ளைகளிடம் கொடுத்தால் அந்தச் செலவு மிச்சம். ஹாஸ்டல் பெண்களுக்கு ஆறு மணிக்குள் கேட்டுக்குள் வர வேண்டும் என்ற விதி மட்டும் குறுக்கே நிற்கும். கடைக்காரர் ஓய்வாகப் பேசுவது மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை, ஆகவே வாரத்தில் ஒரு மதியத்தைப் புராஜெக்டுக்கென்று நேர அட்டவணையில் ஒதுக்கினால் வார்டனோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

ரோட்டோரத்தில் விரித்து விற்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டப்படி அங்கே விற்க விற்பனைச் சான்றிதழ் வேண்டும். அதோடு, அந்த இடத்தை நம்பிப் பிழைப்பவர் ஏற்கெனவே அங்கே இருக்கிறார். மார்க்குக்காக ஒரு மாதம் நிற்கப்போகும் பிள்ளைகள் அவர் பிழைப்பில் கை வைக்க வேண்டியதில்லை. அவரையே விற்பனையாளராக்குங்கள், இருபது ரூபாய் அவருக்குப் போகட்டும். லாட்ஜ் வரவேற்பு, மருந்துக் கடை, ஜெராக்ஸ் கடை மூன்றும் நல்ல இடங்கள். ஜெராக்ஸ் கடையில் ரிப்போர்ட் நகல் எடுக்க வருகிறவர் கையில் காகிதத்தோடுதான் நிற்பார். ஒரு கடைக்கு ஐந்து பைக்கு மேல் கொடுக்காதீர்கள். ‘விற்றால் பணம்’ என்று கொடுக்கும்போது கார்பன் வைத்த நோட்டில் எண்ணிக்கை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். வாசலில் தொங்கவிட்ட பையின் ஒரு பக்கம் வேலூர் வெயிலில் பத்து நாளில் வெளுத்துவிடும். தூசு படிந்த பையைத் திரும்ப எடுத்து, துவைத்து, இஸ்திரி போட்டுக் கொடுக்காவிட்டால் அது அங்கேயே தொங்கிக்கொண்டு மற்ற நான்கையும் விற்கவிடாமல் கெடுக்கும்.

இந்தப் பொருளை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. பை வாங்கும் நோயாளி இரண்டு வாரத்தில் ஊருக்குப் போய்விடுவார், மறுபடி வரமாட்டார். ஆனால் கடைக்காரர் இங்கேயே இருப்பார். அவர் போன் போட்டு “இன்னும் பத்துப் போடுங்க தம்பி” என்று கேட்கிறாரா என்பதே பரீட்சை. அந்த அழைப்பு வர எப்படியும் மூன்று நான்கு வாரமாகும், ஒருநாள் பஜாரில் அது ஒருக்காலும் வராது.

கெமிஸ்ட்ரி துறை இருக்கும் கல்லூரிகளுக்குப் பாத்திரம் துலக்கும் திரவம் இன்னும் நல்ல சோதனை. நான்கு பேர் குடும்பத்துக்கு அரை லிட்டர் பாட்டில் ஏறத்தாழ ஒரு மாதம் வரும், ஆகவே பன்னிரண்டு வாரத்தில் இரண்டாவது பாட்டில் கேட்டார்களா என்பது தெரிந்துவிடும். ஆனால் இதை ஹாஸ்டல் அறையிலோ மாடிப்படியிலோ செய்ய அனுமதிக்காதீர்கள். லேபில், ஆசிரியர் பக்கத்தில் நிற்க, கண்ணாடியும் ரப்பர் கையுறையும் போட்டுக்கொண்டு மட்டுமே.

பத்து லிட்டருக்கு 90 சத ஆசிட் ஸ்லரி (அழுக்கெடுக்கும் அமில மூலப்பொருள்) 1 கிலோ, காஸ்டிக் சோடா 115 கிராம், எஸ்.எல்.இ.எஸ். பேஸ்ட் (நுரை தரும் பொருள்) அரை கிலோ, கல் உப்பு 100 முதல் 150 கிராம், கொஞ்சம் எலுமிச்சை வாசனை, சிட்டிகை நிறம். காஸ்டிக்கைத் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும், காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளிதான், அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, அரித்து வாயு கிளம்பும். காஸ்டிக் கரைசல் ஆறிய பிறகு, இன்னொரு வாளியில் நான்கைந்து லிட்டர் தண்ணீரில் கலக்கிய ஸ்லரியில் அதை மெதுவாகச் சேர்க்க வேண்டும். 115 கிராம் என்பது கணக்கு; ஸ்லரியின் வீரியம் டிரம்முக்கு டிரம் மாறும். ஆகவே கடைசிப் பத்துப் பதினைந்து கிராமுக்கான கரைசலைத் துளித் துளியாக விட்டு, பி.எச். தாள் 7 (அமிலமும் காரமும் இல்லாத நடுநிலை) காட்டியதும் நிறுத்துங்கள். மிஞ்சினால் வாங்கியவர் கை எரியும், குறைந்தால் அமிலம் நின்று பாத்திரம் கறுக்கும். பேஸ்ட்டைத் தனியாகக் கரைக்க வேண்டும். வேகமாகக் கலக்கினால் வாளி முழுக்க நுரைதான் வரும், மெதுவாகக் கிளறி இரவெல்லாம் விட்டுவிடுங்கள். கடைசியில் உப்புக் கரைசல். சேர்க்கச் சேர்க்கக் கெட்டியாகும், ஒரு கட்டத்துக்கு மேல் சேர்த்தால் திடீரென்று நீர்த்துப்போகும். நீர்த்துவிட்டதே என்று இன்னும் உப்புப் போடுவார்கள், இன்னும் நீர்க்கும். ஒரு தம்ளரில் தனியாக எடுத்து அளவு பார்த்துவிட்டு வாளிக்குப் போவதே வழி.

ஆறிருந்தும் தண்ணீர் இல்லாத ஊர் என்று வேலூரைக் கேலி பேசுவார்கள். கிடைக்கிற போர் தண்ணீரும் பல இடங்களில் உப்பும் கடினமும் நிறைந்தது. அந்தத் தண்ணீரில் செய்த திரவம் காலையில் கண்ணாடி மாதிரி இருந்துவிட்டு மாலையில் மோர் மாதிரி கலங்கும். கால்சியமும் மக்னீசியமும் ஸ்லரியோடு சேர்ந்து படிவதால் வரும் கோளாறு அது. ஆர்.ஓ. தண்ணீரில் செய்தால் சரியாகிவிடும். ஆனால் வாங்குகிறவர் வீட்டிலும் அதே போர் தண்ணீர்தானே? ஆகவே விற்பதற்கு முன் அந்தத் தெருத் தண்ணீரை ஒரு குடம் கொண்டுவந்து, பிரியாணி எண்ணெய் பிடித்த பாத்திரத்தைத் துலக்கிப் பாருங்கள். நுரை போதவில்லை என்றால் பேஸ்ட் அளவை நூறு கிராம் கூட்டுங்கள், அடக்க விலையையும் அதோடு கூட்டுங்கள்.

பழைய தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோ ஊற்றிக் கொடுப்பதை ஒருபோதும் ஏற்காதீர்கள். மஞ்சளாக, எலுமிச்சை வாசனையோடு இருப்பதைக் குழந்தை ஜூஸ் என்று குடித்துவிடும். புதிய பாட்டில், இறுக்கமான மூடி, லேபிள். அடைத்து விற்கும் பொருள் என்றால் 2011ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி தயாரிப்பவர் பெயர் முகவரி, பொருளின் பெயர், நிகர அளவு, தயாரித்த மாதமும் ஆண்டும், வரி உட்பட அதிகபட்ச விலை, புகாருக்குத் தொடர்பு எண் எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். மாணவியின் சொந்த செல்போன் எண்ணை அச்சடிக்கவிடாதீர்கள், கல்லூரி அலுவலக எண்ணைக் கொடுங்கள்.

தின்பண்டத் தொழிலை முதல் ஆண்டே தொட வேண்டாம் என்போம். சிறு வியாபாரிகளுக்கான உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம், அது சுலபம். கஷ்டம் வேறிடத்தில்: ஏப்ரல் வெயிலில் இரண்டு மணி நேரம் வெளியே இருந்த சட்னி யாருக்காவது வயிற்றைக் கெடுத்தால் பதில் சொல்ல வேண்டியவர் முதல்வர். சிப்பிக் காளான் வளர்ப்பதென்றால் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை செய்யலாம், மார்ச்சுக்கு மேல் நம் ஊர் வெப்பத்தில் படுக்கை காய்ந்து பூஞ்சை பிடிக்கும். விரிஞ்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, அங்கே போய்க் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும். ஆம்பூர், வாணியம்பாடிக் கல்லூரிகளுக்குத் தோல் துண்டில் சாவிக்கொத்து செய்யும் யோசனை எல்லோருக்கும் வரும். ஷூவுக்கு வெட்டி மிஞ்சிய துண்டுகள் ஒன்று மெலிசு, ஒன்று தடிப்பு. ஒரே ரிவெட் போட்டால் மெலிசில் ஆடும், தடிப்பில் ஏறாது. தடிமன் பார்த்து மூன்று குவியலாகப் பிரித்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். மிச்சத் துண்டுகளை மட்டும் எரிக்கக் கூடாது, குரோம் ஏற்றிய தோல் அது.

உங்கள் பக்கம் செய்ய வேண்டியதைச் சொல்கிறோம். குழுவுக்கு 3000 ரூபாய் முதல், பன்னிரண்டாவது வாரம் திருப்பித் தர வேண்டும் என்ற எழுத்தோடு. நஷ்டமானால் நஷ்டக் கணக்கைச் சரியாக எழுதிய குழுவுக்கு அதைக் கல்லூரி தாங்க வேண்டும், எழுதாத குழுவிடம் வசூலிக்க வேண்டும். வீட்டிலிருந்து பணம் போடத் தடை, இல்லாவிட்டால் வசதியுள்ள பிள்ளையின் குழுதான் எப்போதும் ஜெயிக்கும். ஒரு குழுவுக்கு நான்கு பேர் போதும், எட்டுப் பேர் இருந்தால் இரண்டு பேர் வேலை செய்வார்கள். பணம் வாங்க ஜி.பே. ஸ்கேனரை ஒரு மாணவரின் அன்றாடக் கணக்கில் ஒட்டாமல், வேறு எதற்கும் பயன்படுத்தாத ஒரு கணக்கில் ஒட்டட்டும், இல்லாவிட்டால் பை விற்ற பணமும் ரீசார்ஜ் பணமும் ஒன்றாகிவிடும். 18 வயது முடியாத மாணவர் பெயரில் எந்த ஒப்பந்தமும் செல்லாது, கடையோடு எழுதும் நோட்டில் வயது முடிந்தவர் கையெழுத்திடட்டும். ஜி.எஸ்.டி. பற்றிப் பயப்பட வேண்டியதில்லை, உள்ளூரில் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டிய பிறகு வரும் கவலை அது.

நோட்டு இரண்டு போதும். ஒன்றில் தேதி, விவரம், வரவு, செலவு. மற்றதில் சரக்கு: தைத்தது, கடைக்குப் போனது, விற்றது, திரும்பியது, கெட்டது. சனிக்கிழமைதோறும் முதலோடு வரவைக் கூட்டி, செலவைக் கழித்து, கையிலிருக்கும் ரொக்கமும் கணக்கிலிருக்கும் பணமும் அதற்குச் சமமாக இருக்கிறதா என்று ஆசிரியர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பத்து ரூபாய் உதைத்தால் அன்றே கண்டுபிடிப்பது சுலபம், பன்னிரண்டாவது வாரம் உட்கார்ந்து தேடினால் கதைதான் எழுதுவார்கள். நூறு மார்க்கில் முப்பது இந்த நோட்டுகளுக்கு, முப்பது இரண்டாவது ஆர்டருக்கு, இருபது பொருளைச் சோதித்த பதிவுக்கு, இருபது எது ஏன் தவறியது என்ற வாய்மொழித் தேர்வுக்கு. லாபத்துக்கு மார்க் வேண்டாம், அது அவர்கள் பையிலேயே இருக்கும்.

இன்னொன்றும் கேட்கிறோம், கோபிக்காதீர்கள். ஆசிரியர்கள் வாங்கும் எதையும் விற்பனைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மாணவர் நீட்டினால் நீங்கள் மறுக்கமாட்டீர்கள். அந்த அன்பால் அவர்கள் பொருளின் குறை கடைசிவரை தெரியாமல் போய்விடுகிறது.

ஜூன் மாதம் நேர அட்டவணை போடும்போதே அந்த ஒரு மதியத்தை ஒதுக்கிவிடுங்கள். துணி வெட்டிக் காட்டவும், பி.எச். தாள் பிடிக்கச் சொல்லிக் கொடுக்கவும், கணக்கு நோட்டைத் தொடங்கி வைக்கவும் ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், வருகிறோம். பொன்னாடையும் நினைவுப் பரிசும் வேண்டாம். ஒரு நீளமான மேசை, தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பிளக் பாயின்ட், ஆர்.ஓ. தண்ணீர் ஒரு கேன் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
வேலூர் வட்டாரச் சிறு உற்பத்தியாளர்கள், தையல்காரர்கள், கணக்கர்கள் சிலர்